பங்களாப் பெட்டியில் வந்த வெள்ளிச் சாமான்கள்: முத்திரைகளை வாசிக்கும் முறை

ஹட்டனிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டுப் பணியாளராக இருந்தவர். தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் தம் நாட்டுக்குப் புறப்பட்ட துரை, சாப்பாட்டு மேசைச் சாமான்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியில் பன்னிரண்டு முள்ளுக்கரண்டிகள், பெரிய பரிமாறும் கரண்டி ஒன்று, தேநீர்க் குடுவையும் பால் ஜக்கும் சீனிக் கிண்ணமும் சேர்ந்த ஒரு செட், வெள்ளிப் பிடி போட்ட ஆறு கத்திகள், கொடி வேலைப்பாடு கொண்ட ஒரு சிறிய சுண்ணாம்புச் செப்பு ஆகியவை இருக்கின்றன. கண்டியில் ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைத்து ஒரே விலை சொன்னார் என்றும், லண்டனில் இருக்கும் உங்கள் மாமா மகன் தானே கொண்டுபோய் விற்றுத் தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை உண்மையில் வெள்ளிதானா, எவ்வளவு பழையவை என்பதே உங்கள் கேள்வி.

நீங்கள் முத்திரைகளைக் கவனமாகப் பார்த்து எழுதியிருப்பதால் பெரும்பகுதிக்கு நேராகவே பதில் சொல்ல முடிகிறது. முள்ளுக்கரண்டிகளும் பரிமாறும் கரண்டியும் வெள்ளி. தேநீர்ச் செட் வெள்ளி அல்ல, அது முலாம். கத்திகளின் பிடி மட்டும் வெள்ளியாக இருக்கலாம், ஆனால் அது மிக மெல்லிய தகடு. சுண்ணாம்புச் செப்பு தனிக் கதை. அதில் முத்திரை இல்லை என்பது அதற்கு எதிரான சான்றாகாது. ஆகவே, எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்ட அந்த விலையை நீங்கள் ஏற்காதது நல்லது. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்வதற்கில்லை. உருக்கும் கணக்கில் பழகிய கண்ணுக்கு எல்லாம் உலோகமாகவே தெரியும்.

இந்த முடிவுகளுக்கு எப்படி வந்தேன் என்பதை விளக்குகிறேன். அடுத்த முறை ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேய வெள்ளியில் ஒரே ஒரு முத்திரை இருக்காது; ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையில் வெள்ளியா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: இடப்பக்கம் நோக்கி நடக்கும், முன்கால் ஒன்றைத் தூக்கிய சிங்கம். 1544ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தில் அடிக்கப்படும் இந்தச் சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்ற தரத்துக்குச் சோதித்து உறுதி செய்ததற்கான அடையாளம். எஞ்சிய முத்திரைகள் எந்த ஊரில் சோதித்தார்கள், எந்த ஆண்டில், செய்தவர் யார் என்பவற்றைத்தான் சொல்கின்றன. பலர் முதலில் மகுடத்தைத் தேடுகிறார்கள், அல்லது ஷெஃபீல்ட் என்ற சொல்லைக் கண்டதும் மகிழ்ந்துவிடுகிறார்கள். மகுடம் முலாம் சாமானிலும் வரும். ஷெஃபீல்ட் ஓர் ஊரின் பெயர், அங்கே இரும்புக் கத்தியும் செய்தார்கள். ஹால்மார்க் என்ற சொல்லே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் அடிக்கப்பட்ட குறி என்பதிலிருந்து வந்தது. சோதனைச் சாலையின் கை பட்டிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஊர் முத்திரைகளில் நமக்கு மலைநாட்டில் அடிக்கடி எதிர்ப்படுபவை மூன்றுதான். சிறுத்தைத் தலை லண்டனுக்குரியது. அது 1300ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. 1478 முதல் 1821 வரை தலையில் மகுடம் இருந்தது, பிறகு நீங்கியது. நங்கூரம் பேர்மிங்ஹாமுக்கும் மகுடம் ஷெஃபீல்டுக்கும் உரியவை. இவ்விரு ஊர்களுக்கும் 1773இல்தான் சோதனைச் சாலை கிடைத்தது. அதுவரை பேர்மிங்ஹாம் தொழிலதிபர் மத்தியூ போல்டன் தம் பட்டறைச் சாமான்களைச் செஸ்டர் வரை அனுப்பிச் சோதிக்க வேண்டியிருந்தது. ஷெஃபீல்டின் மகுடம் 1974 வரை நீடித்தது, 1975 முதல் அது ஒரு ரோஜாவாக மாறியது. எடின்பரோவின் முக்கோபுரக் கோட்டையும் டப்ளினின் மகுடம் சூடிய யாழும் இங்கே அரிது. தோட்டங்களுக்கு வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர் என்பதால் கோட்டை முத்திரையை மட்டும் நினைவில் வைத்திருங்கள். அதன் பக்கத்தில் நடக்கும் சிங்கம் இருக்காது, 1759 முதல் 1974 வரையிலான சாமானில் முட்செடிப் பூ ஒன்று இருக்கும்.

அடுத்தது ஆண்டெழுத்து. ஒவ்வோர் ஊரும் ஆண்டுக்கு ஒரு ஆங்கில எழுத்தை மாற்றிக்கொண்டே வந்தது. எழுத்துகள் தீர்ந்ததும் வேறு எழுத்துருவில், வேறு வடிவக் கட்டத்துக்குள் மறுபடியும் தொடங்கியது. ஆகவே எழுத்தை மட்டும் சொன்னால் போதாது. அது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, சாதாரண அச்செழுத்தா, பழைய வேதாகமப் பிரதிகளில் வருவது போன்ற கூர்முனை கோதிக் எழுத்தா, சுற்றியுள்ள கேடயத்தின் அடி வளைந்ததா கூர்மையானதா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ஆண்டு கிடைக்கும். 1974 வரை லண்டன் சுழற்சிக்கு இருபது எழுத்துகள் மட்டுமே. ஜே கிடையாது, யூவோடு முடிந்துவிடும். 1796, 1816, 1836, 1856, 1876, 1896, 1916 என இருபதாண்டுக்கு ஒருமுறை ஏ எழுத்து திரும்ப வரும். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிச் சோலி முடிந்தது.

உங்கள் பரிமாறும் கரண்டியை எடுத்துக்கொள்வோம். சிங்கம், மகுடமில்லாத சிறுத்தைத் தலை, சிறிய கோதிக் எம், ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், செய்தவரின் பெயரெழுத்துகள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் முகம் விக்டோரியா அரசியுடையது. 1784 முதல் 1890 வரை வெள்ளிச் சாமானுக்கு வரி கட்டியதற்கான அடையாளமாக ஆட்சியிலிருப்பவரின் தலையை அடித்தார்கள். விக்டோரியாவின் முகம் இடப்பக்கம் பார்க்கும். அவருக்கு முன் ஆண்ட மூன்றாம் ஜோர்ஜ், நான்காம் ஜோர்ஜ், நான்காம் வில்லியம் ஆகியோர் பெரும்பாலும் வலப்பக்கம் பார்ப்பார்கள். சிறிய கோதிக் எழுத்துச் சுழற்சி 1856இல் தொடங்கியது. ஏயிலிருந்து எண்ணி, ஜேயை விட்டுவிட்டால் எம் 1867இல் விழுகிறது. அப்போது லண்டனில் ஆண்டெழுத்து மே மாத இறுதியில் மாறியதால், 1867 மே முடிவுக்கும் 1868 மே முடிவுக்கும் இடையே அந்தக் கரண்டி சோதனைச் சாலைக்குள் போய் வந்திருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்ட ஆண்டும் 1867தான். உங்கள் கரண்டி பிறந்தபோது இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது. கோப்பி இலைத்துரு நோய் இரண்டு ஆண்டு கழித்துத்தான் தலை காட்டியது. ஆனால் முத்திரை சொல்வது சோதித்த ஆண்டையே. டிக்கோயாவுக்கு வந்த ஆண்டு அதில் இல்லை. பாட்டியிடமிருந்து பேரனுக்கு வந்து, அந்தப் பேரன் 1920களில் சின்னத்துரையாக (துணைக் கண்காணிப்பாளராக) வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம்.

முள்ளுக்கரண்டிகளில் சிங்கமும் நங்கூரமும் சிறிய எச் எழுத்தும் இருப்பதாகச் சொன்னீர்கள். அரசர் தலை இல்லை. தலை இல்லாமையே ஒரு செய்தி: வரி 1890இல் நீக்கப்பட்டதால், அதற்குப் பிந்தியது. பேர்மிங்ஹாமில் சாதாரண சிறிய எழுத்துச் சுழற்சி 1900இல் தொடங்கியது, எச் 1907. அப்போது அங்கே ஆண்டெழுத்து ஜூலையில் மாறியது. பேர்மிங்ஹாமிலும் சிறிய எழுத்துச் சுழற்சி ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்திருக்கிறது என்பதால், அரசர் தலை இல்லை என்பது இங்கே எவ்வளவு உதவுகிறது பாருங்கள். 1875இல் தொடங்கிய சுழற்சியின் எச் 1882இல் விழும்; அதில் விக்டோரியாவின் தலை இருந்திருக்க வேண்டும். இல்லாததால் 1907 என்று துணிந்து சொல்கிறேன். என்றாலும் பன்னிரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பங்களாக்களில் தொலைந்ததற்குப் பதிலாகப் பின்னாளில் வாங்கிச் சேர்த்த கரண்டிகள் ஒரே வடிவத்தில் வேறு ஆண்டெழுத்தோடு கலந்திருப்பது மிகச் சாதாரணம். ஒரே ஒரு கரண்டியில் மட்டும் முலாம் முத்திரை இருந்து, மற்றப் பதினொன்றும் வெள்ளியாக இருந்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

இனித் தேநீர்ச் செட். இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகிறார்கள். குடுவையின் அடியில் சிறு சிறு கேடயங்களுக்குள் நான்கு கோதிக் எழுத்துகள், பக்கத்தில் ஓர் எண் என்று எழுதியிருந்தீர்கள். அந்த எழுத்துகள் ஈ, பி, என், எஸ். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்பதன் முதலெழுத்துகள் அவை. நிக்கல் சில்வரில் சில்வர் என்ற பெயர் இருக்கிறதே தவிர வெள்ளி ஒரு மணியளவும் கிடையாது. அது செம்பும் நிக்கலும் நாகமும் சேர்ந்த கலவை, நம் கடைகளில் ஜேர்மன் சில்வர் என்பதும் அதையே. பேர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வெள்ளியின் தோற்றத்தை வெள்ளியின் விலையில்லாமல் வாங்க வழி பிறந்தது. முத்திரைகளை ஒரு வரிசையில், கேடயம் கேடயமாக, கோதிக் எழுத்தில் அடித்ததன் நோக்கம் வெளிப்படையானது: சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் போலத் தெரிய வேண்டும். பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையை உரக்கச் சொல்லவும் இல்லை. என், எஸ் எழுத்துகளுக்குப் பதில் பி, எம் வந்தால் அடியிலுள்ளது வெள்ளீயக் கலவையான பிரித்தானியா உலோகம். அது இன்னும் மென்மையானது, தட்டினால் மந்தமாக ஒலிக்கும், சூடு பட்டால் இளகும். ஏ1 என்ற குறி பூச்சின் தரத்தைப் பற்றி நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. வோக்கர் அண்ட் ஹோல் நிறுவனத்தின் முக்கோணக் கொடி, ஜேம்ஸ் டிக்ஸன் நிறுவனத்தின் ஊதுகுழல், மெப்பின் அண்ட் வெப் நிறுவனத்தின் பிரின்ஸஸ் பிளேட் என்ற சொற்கள் ஆகியவை இந்த வகைச் சாமான்களில் அடிக்கடி காணப்படும் குறிகள். இந்நிறுவனங்கள் உண்மையான வெள்ளியும் செய்தவை என்பதால் நிறுவனத்தின் பெயரைக் கண்டு முடிவு கட்டாதீர்கள்; சிங்கத்தைத் தேடுங்கள். பக்கத்திலுள்ள எண் பெரும்பாலும் மாதிரி எண்தான், அதை ஆண்டென்று எண்ணிவிடக் கூடாது. 1842 என்ற எண்ணைக் காட்டி 1842ஆம் ஆண்டுக் குடுவை என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார்.

முலாம் என்பதால் தூக்கியெறிய வேண்டியதில்லை. பங்களாக்களில் அன்றாடம் புழங்கியது பெரும்பாலும் முலாம்தான். ஒரு நாளைக்கு நான்கு வேளை தேநீர் ஊற்றும் குடுவைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அதை வெள்ளி எடையில் யாரும் வாங்க மாட்டார்கள், நீங்களும் விற்கக் கூடாது. மூக்கின் நுனி, மூடியின் குமிழ், பிடி ஒட்டிய இடம், அடி விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள்: வெண்மைக்கடியில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் அது நிக்கல் சில்வர். செம்பின் சிவப்பு தெரிந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1740களில் தோமஸ் போல்சோவர் கண்டுபிடித்த முறையில், செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒட்டவைத்து உருட்டிச் செய்த சாமான்களைப் பழைய ஷெஃபீல்ட் பிளேட் என்பார்கள். மின்முலாம் வந்ததும் அந்தத் தொழில் மறைந்துவிட்டது. அதனால் அவற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அவற்றுக்கு மறுமுலாம் பூசினால் அந்த மதிப்பும் போய்விடும். உங்கள் குடுவையில் நான்கு எழுத்துகள் தெளிவாக இருப்பதால் அது இந்த வகை அல்ல.

முத்திரை தேய்ந்துபோன சாமானை எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தீர்கள். காந்தம் உதவாது; வெள்ளியில் ஒட்டாதது போலவே நிக்கல் சில்வரிலும் ஒட்டாது. ஐஸ் கட்டியை மேலே வைத்து உருகும் வேகத்தைப் பார்க்கும் வித்தையும் செம்பின் மேல் முலாம் பூசியதிடம் தோற்றுவிடும், ஏனெனில் செம்பும் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். பத்தர்கள் அரம் போட்டுக் கீறித் திராவகத் துளி விடுவார்கள். பதில் சரியாகத்தான் கிடைக்கும், ஆனால் அந்தக் கீறல் என்றென்றைக்கும் நிற்கும். பழஞ்சாமானில் நான் அதை அனுமதிப்பதில்லை. என் விருப்பம் தண்ணீர்த் தராசு. நகைக்கடைகளில் உள்ள, கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் மின்தராசு போதும். முள்ளுக்கரண்டியை முதலில் காற்றில் நிறுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்கி, கரண்டியை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாதபடி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண் கரண்டி விலக்கிய தண்ணீரின் எடை. காற்றில் இருந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நீங்கள் ஒரு கரண்டி 52 கிராம் என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீரில் தராசு 5 கிராம் அளவில் காட்டினால் 10.4 வருகிறது, அது 925 தரத்துக்கு இசைவான அடர்த்தி. 6 கிராம் காட்டினால் 8.7 அளவில் வரும், அது நிக்கல் சில்வர். வித்தியாசம் பெரியது என்பதால் கை சற்று நடுங்கினாலும் முடிவு மாறாது. உள்ளே வெற்றிடமோ நிரப்புப் பொருளோ உள்ள சாமானுக்கு மட்டும் இது செல்லாது.

கொழும்பில், செட்டியார் தெருவிலும் வேறு இடங்களிலும், எக்ஸ் கதிர் கருவி வைத்திருக்கிறார்கள். கீறல் இல்லாமல் சில விநாடிகளில் சதவீதம் சொல்லும். நல்ல கருவிதான், ஆனால் அது வாசிப்பது மேல்தோலை மட்டுமே. மின்முலாமாகப் படிவது கிட்டத்தட்டத் தூய வெள்ளி. ஆங்கிலேயக் கரண்டியோ 925 தரம். ஆகவே ஒரு கரண்டி 99 சதவீத வெள்ளி என்று கருவி சொன்னால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்: அது முலாத்தை வாசித்திருக்கவே அதிக வாய்ப்பு. வெளியே தெரியாத ஒரு தேய்ந்த இடத்தில் மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பன்னிரண்டு முள்ளுக்கரண்டிகளும் இந்தச் சோதனையில் தேறினால், 52 கிராம் வீதம் 624 கிராம் ஆகிறது. அதில் தூய வெள்ளி ஏறத்தாழ 577 கிராம். உருக்கு விலையின் அடிமட்டம் இந்த 577 கிராமுக்கு அன்றைய வெள்ளி விலை. யார் எதைச் சொன்னாலும் இதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. முழுச் செட்டாக, ஒரே ஆண்டெழுத்தோடு, முனை தேயாமல் இருந்தால் இதற்கு மேலேதான் போகும். முள்ளின் நுனிகளைப் பாருங்கள். தேய்ந்து குட்டையாகி, நான்கு முள்ளும் சமமில்லாமல் இருந்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். பரிமாறும் கரண்டியில் கிண்ணப் பகுதியின் இடது விளிம்பு தேய்ந்திருக்கும், வலக்கைக்காரர்கள் நூறாண்டாகப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டியதன் அடையாளம் அது. அந்த இயல்பான தேய்மானம் பொருளின் வயதுக்குச் சாட்சி சொல்கிறது. அதைச் சரிசெய்யத் தட்டிக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

போலிகளைப் பற்றி ஒரு சொல். முத்திரை என்பது எஃகு உளியால் அடித்தது. அதன் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், பின்பக்கத்தில் சில வேளை மெல்லிய புடைப்பும் தெரியும். உண்மையான ஒரு கரண்டியை அச்செடுத்து வார்த்தால் முத்திரையும் சேர்ந்து வார்ப்பாக வரும். ஓரங்கள் மழுங்கி, உள்ளே மணல் போன்ற சொரசொரப்பு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியால் பன்னிரண்டையும் ஒப்பிடுங்கள்: எல்லாக் கரண்டியிலும் ஒரே இடத்தில் ஒரே சிறு குழியும் ஒரே கீறலும் இருந்தால், அவை ஒரே தாயின் வார்ப்புகள். குடுவை, ஜக் போன்றவற்றில் மூடிக்கும் முத்திரை இருக்க வேண்டும். உடலில் மட்டும் இருந்தால் மூடி பின்னாளில் சேர்த்தது.

கத்திகளுக்கு வருகிறேன். பிடியில் சிங்கம் மங்கலாகத் தெரிகிறது என்றீர்கள். அது வெள்ளியாக இருந்தாலும், மெல்லிய தகட்டை இரண்டு பாதியாக அழுத்தி ஒட்டி உள்ளே குங்கிலியம் போன்ற பிசினை நிரப்பிய பிடிதான் வழக்கம். கத்தியைத் தராசில் வைத்தால் எஃகும் பிசினும் சேர்ந்து எடை காட்டும், வெள்ளி அதில் சிறு பங்கே. அலகில் துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தால் அலகு 1913க்குப் பிந்தியது. அந்த ஆண்டில்தான் ஷெஃபீல்டில் ஹரி பிரியர்லி அத்தகைய எஃகை உருவாக்கினார். பிடி அதைவிடப் பழையதாக இருந்து அலகு மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம். இவற்றைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் பிசின் இளகி அலகு கழன்றுவிடும்.

சுண்ணாம்புச் செப்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பெட்டியில் எனக்கு மிகவும் ஆவலைத் தந்த பொருள் அதுதான். கைக்கடிகாரம் போல வட்டமாக, ஒரு பக்கம் திறக்கும் மூடியோடு, சங்கிலிக் கண்ணியும் வைத்து, மூடி முழுவதும் லியவெல என்னும் கொடிவேலையும் நடுவில் அன்னமும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கண்டி மரபில் வெற்றிலைச் சாமான்களோடு வைத்திருந்த, சிங்களத்தில் கில்லோட்டய எனப்படும் சுண்ணாம்புப் பெட்டி அதுவே. கண்டி அரசர் காலப் பொற்கொல்லர்கள் நவந்தன்னோ என்ற கைவினைக் குலத்தினர். சோதனைச் சாலை, ஆண்டெழுத்து போன்ற ஏற்பாடு எதுவும் அவர்களிடம் இருந்ததில்லை. கையின் நேர்த்திதான் அங்கே முத்திரை. 1882இல் கண்டிக் கலைச் சங்கம் தொடங்கிய பிறகு ஐரோப்பியருக்காகக் கண்டி வேலைப்பாட்டில் சாமான் செய்யும் வழக்கம் வளர்ந்தது. இன்றும் குண்டசாலைக்கு அருகே நத்தரம்பொத்த கலாபுரவில் பித்தளையும் வெள்ளியும் செய்கிறார்கள். ஆகவே உங்கள் செப்பு முந்நூறு ஆண்டுப் பழையதாகவும் இருக்கலாம், ஒரு துரை 1930களில் நினைவுப்பொருளாக வாங்கியதாகவும் இருக்கலாம். பழைய வேலையில் கொடி முழுவதும் உளியால் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கும். இரண்டு இலைகள் ஒரே அச்சில் இருக்காது. பின்னாளைய நினைவுப்பொருளில் அச்சில் அழுத்திய தகடு, பித்தளைமேல் முலாம், மூடிக்கீலில் இயந்திரத் திருகாணி ஆகியவை காட்டிக் கொடுக்கும். உள்ளே பழைய சுண்ணாம்பின் தடம் இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள்.

ஆங்கிலேய முத்திரையில்லாத இன்னொரு கூட்டம் இந்தியாவிலிருந்து வந்தது. சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஹமில்டன் நிறுவனம் ஆகியவற்றின் சாமான்களில் நிறுவனப் பெயரும், சில வேளைகளில் ஆங்கிலேய முத்திரையைப் போலத் தோற்றமளிக்கும் சிறு குறிகளும் இருக்கும். ஆங்கிலேயச் சோதனைச் சாலைக்கு அவை போனதில்லை. சென்னைச் சாமான்களில் தெய்வ உருவங்கள் புடைப்பாக நிறைந்திருந்தால் அதைச் சுவாமி வேலை என்பார்கள், அதற்கென்றே வாங்குவோர் உண்டு. ஐரோப்பியச் சாமானில் 800 என்ற எண்ணும் பிறையும் மகுடமும் சேர்ந்திருந்தால் அது 1888க்குப் பிந்திய ஜேர்மன் நாட்டு வெள்ளி. மேலே சொன்ன ஜேர்மன் சில்வரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லண்டனுக்கு அனுப்பும் விடயத்தில் சட்டமும் இருக்கிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் எனக் கொள்கிறது; 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் பண்பாட்டுப் பொருள்களை நாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதிப்பத்திரம் கேட்கிறது. உங்கள் செப்பு எந்தப் பக்கம் விழும் என்பதைத் தொல்பொருள் திணைக்களம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே படம் எடுத்து, எழுத்து மூலம் கேட்டு, பதில் கையில் கிடைக்கும்வரை மாமா மகனின் பயணப் பெட்டிக்குள் அதை வைக்காதீர்கள். கரண்டிகள் பற்றியும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம், செலவு ஒன்றுதான்.

கடைசியாக, துலக்குவதைப் பற்றி. முதல் படம் எடுக்கும்வரை துலக்காதீர்கள். முத்திரையின் பள்ளங்களில் தங்கிய கறுப்புதான் எழுத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. இளம் வயதில், அப்பாவின் பட்டறையில் ஒரு பால் ஜக்கை மினுக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்தேன். அரை மணி நேரத்தில் கண்ணாடி போல ஆனது, ஆண்டெழுத்து மறைந்தது. வந்தவர் ஜக்கைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி எங்கள் பட்டறைப் பக்கம் வரவுமில்லை. நம் வீடுகளில் குத்துவிளக்கைத் திருநீற்றால் துலக்கும் பழக்கத்தில் வெள்ளிக்கும் அதையே போடுவார்கள். வாரம் ஒருமுறை செய்தால் முத்திரை மட்டுமல்ல, முலாமே போய்விடும். அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் போட்டுக் கறுப்பு நீக்கும் முறையும் வேலைப்பாட்டின் பள்ளத்திலுள்ள இயல்பான நிழலையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அந்தச் செப்பை அதில் போடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், சிறிது சவர்க்காரம், மென்துணி, உடனே ஈரம் துடைத்தல், இவ்வளவே போதும். வெள்ளியின் எதிரி கந்தகம். முட்டையில் அது உண்டு, இறப்பர்ப் பட்டியில் உண்டு. கரண்டிகளை இறப்பர்ப் பட்டி போட்டுக் கட்டினால் அந்தக் கறுப்புக் கோடு எளிதில் போகாது. மழைக்கால மூட்டத்தில் நனைந்த மரப்பெட்டிக்குள் மூடி வைப்பதை விட, பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி உலர்ந்த அலுமாரியில் வையுங்கள்.

முள்ளுக்கரண்டிகளை விற்பதில்லை என்று முடிவெடுத்தால் சாப்பாட்டுக்கே பயன்படுத்துங்கள். கையில் புழங்கும் வெள்ளி பெட்டிக்குள் கிடப்பது போல வேகமாகக் கறுக்காது. முட்டை தின்றால் மட்டும் அன்றே கழுவிவிட வேண்டும். செப்பின் மூடிக்கீலையும் உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து எடுத்த படங்கள் கிடைத்தால், பழைய வேலையா புதிய வேலையா என்பதை இன்னும் சற்று உறுதியாகச் சொல்ல முடியும்.